மூன்றாவது மேசையில் கரண்ட்

என் அக்கா கணவருக்கு இரண்டு பெயர்கள். வீட்டில் விளக்கு எரியாதவர்கள் அவரை "எலக்ட்ரீஷியன் ஐயா" என்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் "எர்த்து" என்பார்கள். இந்த இரண்டாவது பெயரைச் சூட்டியவர் ஒரு குழாய்க்காரர். கட்டட வேலைகளில் இருவரும் ஒரே சுவருக்காக வருடக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். இவர் ஒயர் இழுக்க வேண்டிய இடத்தில் அவர் குழாயைப் பதித்திருப்பார். அவர் குழாய்க்குத் துளை போட வந்தால் இவர் அங்கே ஸ்விட்ச் பெட்டியை மாட்டியிருப்பார். அப்படி முறைத்துக்கொள்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்காருவார்கள். எனக்கு அவர் அத்தான். மச்சினி என்ற உரிமையில் நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

எர்த்து என்ற பெயர் சும்மா வரவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அத்தான் கேட்கிற முதல் கேள்வி, "எர்த்து இருக்கா?" என்பதுதான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், அந்தத் தண்ணீரை ஏற்றுகிற மோட்டாருக்கு எர்த்து இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். கரண்ட் தன் வழியை விட்டுத் தப்பி, அடுப்பின் உடம்பிலோ மேசையின் உடம்பிலோ ஏறிவிட்டால், அது ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு கம்பி வேண்டும். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட கம்பி. அதுதான் எர்த்து. அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், அடுப்பு சுடும். அதனால்தான் சோம்பேறிகள் அதை விட்டுவிடுகிறார்கள் என்பது அத்தானின் தீராத வயிற்றெரிச்சல்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்ததே இஸ்திரிப் பெட்டி ஷாக் அடிக்கிறது என்று அப்பா கூப்பிட்டனுப்பியதால்தான். சரி செய்துவிட்டுப் போனவர், சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுநாள் வந்தார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் தலையைச் சீவிக்கொண்டு வந்தபோது, இது இஸ்திரிப் பெட்டிக்காக வருகிற ஆள் இல்லை என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு முன்னமே புரிந்திருந்தது. ஒன்றுமே தெரியாமல் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவர்களோடுதான் இருந்தேன். அக்காவின் நெயில் பாலிஷ் காணாமல்போக ஆரம்பித்தது. திருட்டுப் பழி என் மேல்தான் விழுந்தது. எத்தனையோ நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அத்தான் ஒவ்வொரு எர்த்துக் கம்பியையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய பிறகு, அந்த ஸ்க்ரூவின் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பாராம். ஸ்க்ரூ கொஞ்சம் நெகிழ்ந்தாலும் பாலிஷில் விரிசல் விழும், மறுமுறை திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கடையில் அதற்கென்று ஒரு பெயின்ட் விற்கிறது. ஆனால் இதுதான் உதிராமல் கெட்டியாக நிற்கிறது என்று அத்தான் அடித்துச் சொல்வார். பிறகு அக்கா அவருக்கென்றே தனியாக ஒரு சீசா வாங்கிக் கொடுத்தாள். நல்ல ரத்தச் சிவப்பு. தனக்கு வெளிர் ரோஜா. என்னிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று கேட்காதீர்கள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்த மனிதருக்கு, எங்கள் தெருவுக்கு ஒரு சீன உணவகம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு மறதி வந்தது.

முதலில் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். என்னை அக்கா பெயர் சொல்லியும், அக்காவை என் பெயர் சொல்லியும் கூப்பிட்டார். வருடக்கணக்கில் போய்வந்த ஒரு வீட்டுக்குப் போகும்போது தவறான மாடியில் இறங்கி, தெரியாதவர்கள் வீட்டு மணியை அடித்து, உள்ளேயும் போய் அவர்களுடைய மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இதையெல்லாம் நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நானும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அத்தானின் அண்ணன் ஞாபகம் வந்தது. அந்த மனிதரும் இப்படித்தான் கண்ணாடியில் ஆரம்பித்தார். கடைசியில் தன் மனைவி சோறு ஊட்டும்போது, "யாரும்மா நீங்க, நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வீட்டுக்குப் போய்வந்த இரவுகளில் அத்தான் விடிய விடியத் தூங்கமாட்டார்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து, ஆட்கள் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏய், ஞாபகத்துக்கு ஏதாவது மாத்திரை இருக்கா? அவருக்குத் தெரியாம பால்ல கலந்து கொடுக்கிற மாதிரி?"

"பால்ல கலக்கற மாதிரி எல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. டாக்டர்கிட்டதான் போகணும்."

"அவர்கிட்ட போய் எப்படிடி சொல்றது?"

"நான் சொல்லவா?"

"வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே பயம், ஆனால் ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை. நாங்கள் சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருமுனையில் மூடிக்கிடந்த செருப்புக்கடையை ஒரு சீன அம்மாள் எடுத்தார். உணவகம் போடப்போகிறார் என்றார்கள். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. நல்ல தமிழில் எல்லாரையும் அண்ணே என்றும் தம்பி என்றும் கூப்பிட்டு வேலை வாங்குகிறவர். அவருடைய தம்பிதான் சமையல்காரர். அந்த ஆள் பேசி யாரும் கேட்டதில்லை. அங்கே அடுப்பு சமையலறையில் மட்டும் இல்லையாம், ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு மின்சார அடுப்பு இருக்குமாம். அதன்மேல் சூப் கொதித்துக்கொண்டே இருக்குமாம். சாப்பிடுகிறவர்கள் காயையும் கறியையும் அதில் போட்டு வேகவைத்து எடுத்துத் தின்பார்களாம். "நாமே சமைச்சு நாமே தின்னுட்டு அவங்களுக்குக் காசு கொடுக்கணுமா? நல்ல கதையா இருக்கே!" என்றாள் அக்கா.

ஒயரிங் முழுக்க அத்தானுக்கு வந்தது. எட்டு மேசை, ஒவ்வொன்றுக்கும் எஃகு விளிம்பு. நீராவியும் சூப்பும் சிந்துகிற இடத்தில், எஃகு விளிம்பில் மனிதர்கள் கை வைத்துக்கொண்டு சாப்பிடப்போகிறார்கள். எர்த்து என்ற பெயருக்கு வேறென்ன வேண்டும்? அத்தான் மாப்பிள்ளை மாதிரி தினமும் கிளம்பிப் போனார்.

என்ன நடந்தது என்று அவர் எங்களிடம் பிறகுதான் சொன்னார். மூன்றாவது மேசைக்கு ஒயர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்திருக்கிறது. யாரோ ஒரு வாடிக்கையாளர், வீட்டில் கரண்ட் இல்லை என்று அழாத குறையாகப் பேசியிருக்கிறார். பேசிவிட்டுத் திரும்பினால் குழாய்க்காரர் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். சண்டை முடிந்து அத்தான் நான்காவது மேசைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு கேள்வி: மூன்றாவது மேசைக்கு எர்த்துக் கம்பியைப் பூட்டினேனா?

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பூட்டியதும் ஞாபகம் இல்லை, பூட்டாததும் ஞாபகம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அதற்குள் தச்சர் மேசையடியில் பலகை அடித்து, மெருகும் போட்டுவிட்டார். "கொஞ்சம் கழட்டுங்க, பார்க்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், எர்த்துக்கே எர்த்து மறந்துபோச்சு என்று ஊர் முழுக்கச் சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பலகையைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது கம்பி தொங்கிக்கொண்டிருந்தால்? அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதற்குத்தான் பயந்தார். டெஸ்டரை வைத்துத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் காட்டவில்லை. அடுப்பு ஓடாதபோது எப்படிக் காட்டும் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. தூக்கம் போனதால் மறதி இன்னும் கூடிற்று. இப்படியே கடை திறக்கிற நாளும் நெருங்கிவிட்டது.

அந்த அம்மாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடையை ஊருக்குத் திறப்பதற்கு முந்தைய மாலை, அதைக் கட்டியவர்களுக்குக் குடும்பத்தோடு சாப்பாடு. தச்சர், பெயின்டர், குழாய்க்காரர், நாங்கள். அத்தான் வயிறு சரியில்லை என்றார். அக்கா, "சும்மா கொடுக்கிற சாப்பாட்டுக்கும் உங்களுக்கு வயித்துவலியா?" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஆனால் கிளம்பும்போது என் காதில், "அவர் பக்கத்துலயே உட்காரு" என்றாள்.

உள்ளே போனதும் அம்மாள் ஓடிவந்து எங்களை ஜன்னலோரம் அழைத்துப் போனார். முதல் மேசையில் தச்சர் குடும்பம். இரண்டாவதில் பெயின்டரும் அவருடைய இரண்டு வாண்டுகளும். எங்களுக்கு மூன்றாவது.

"அந்தக் கடைசி டேபிள்ல உட்காரலாமேம்மா" என்றார் அத்தான்.

"அங்க எதுக்குண்ணே? இதுதான் நல்ல இடம். ஒயரிங் செஞ்சவருக்கு முதல் மரியாதை!"

குழாய்க்காரர் தனியாக வந்திருந்தார். சாப்பாட்டு நேரம் என்பதால் அத்தானை உரசிக்கொண்டு அதே மேசையில் உட்கார்ந்தார்.

நடுவில் ஒரு பெரிய சட்டி. அதற்குள் வளைவாக ஒரு தடுப்பு. ஒரு பக்கம் பால் மாதிரி வெள்ளைச் சூப், இன்னொரு பக்கம் நெருப்பு மாதிரி சிவப்புச் சூப். சுற்றிலும் தட்டுகள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நூடுல்ஸ், கறுப்பு வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், தேயிலைத் தண்ணீரில் வெந்து ஓடெல்லாம் விரிசல்விட்ட முட்டை, காது மடல் மாதிரி சுருண்டு கறுத்த காளான். அக்கா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கிட்டே விட்டாள். காளானை மட்டும் மோந்துகூடப் பார்க்கவில்லை. "அது யாரோட காதோ" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

வெள்ளரிக்காயில் வினிகரும் பூண்டும் எள் எண்ணெயும். முதல் கடி என்னடா இது என்றிருந்தது, மூன்றாவது கடிக்கு நான் தட்டையே இழுத்துக்கொண்டேன். காளானுக்கு ருசியே இல்லை, ஆனால் பல்லுக்கடியில் நறுக் நறுக்கென்று ஒரு வேடிக்கை. முட்டைக்குள் எப்படித் தேயிலை வாசனை புகுந்தது என்று குழாய்க்காரர் ஆராய்ச்சி செய்து செய்து நான்கு முட்டைகளை முடித்தார். அக்கா வெள்ளைச் சூப்பை விட்டு நகரவில்லை. "இது பரவாயில்ல, காய்ச்சல்காரங்களுக்குக் கொடுக்கலாம்" என்பதுதான் அவள் வாயிலிருந்து வந்த பாராட்டு.

அத்தான் மட்டும் ஒன்றையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சட்டியையே பார்த்தபடி இருந்தார். பெயின்டரின் வாண்டுகள் எங்கள் மேசைக்கு ஓடிவந்து எஃகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தன. அத்தான் முகம் வெளுத்தது. "போங்கடா, சூடு, போங்க" என்று விரட்டினார். பிறகு மெல்லக் கையைத் திருப்பி, புறங்கை விரல்களால் விளிம்பைத் தொட்டார். எலக்ட்ரீஷியன்கள் எதையும் புறங்கையால்தான் தொடுவார்கள். ஷாக் அடித்தால் கை தானாக மடங்கி விலகிவிடும் என்பார்கள். ஒன்றும் அடிக்கவில்லை. அவர் நீளமாக மூச்சுவிட்டதை நான் கேட்டேன்.

"ஏங்க, சாப்பிடுங்க. அந்தம்மா பாக்கறாங்க" என்றாள் அக்கா.

அத்தான் எஃகுக் கரண்டியால் சிவப்புச் சூப்பை எடுத்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். பிறகு அப்படியே உறைந்துவிட்டார். கரண்டி உதட்டில், முழங்கை எஃகு விளிம்பில்.

நாக்கில் கரண்ட் ஓடியது.

இதை அத்தான் சொன்னால் நம்பத்தான் வேண்டும். சின்னச் சதுர பேட்டரிகளில் உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற தொழில் அவருடையது. நாக்கு நுனியில் சுர்ரென்று அந்த அதிர்வு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இதுவும் அதேதான், சந்தேகமில்லை. உதடு துடிக்கிறது, நாக்கு அதிர்கிறது. அடுப்பிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து சூப்புக்கு, சூப்பிலிருந்து கரண்டிக்கு, கரண்டியிலிருந்து வாய்க்கு. எர்த்து இல்லாத மேசையில் லேசான கசிவு இப்படித்தான் சுர்ரென்று தெரியும். தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச்கூட இவ்வளவு சின்னக் கசிவுக்கு விழாது. எல்லாம் கணக்காகப் பொருந்திவிட்டது. அதே நேரம் அந்த வாண்டுகளில் சின்னது மறுபடி வந்து விளிம்பைப் பிடித்தது.

"கையை எடு! எல்லாரும் கையை எடுங்க! டேபிளைத் தொடாதீங்க!"

அத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது. கல்லாவுக்குப் பின்னாலிருந்த மெயின் போர்டுக்கு ஓடி, பெரிய ஸ்விட்சைக் கீழே இழுத்தார். விளக்கு, காற்றாடி, அடுப்பு, எல்லாம் செத்தன. ஜன்னல் வழியாக வந்த மாலை வெளிச்சத்தில் ஆட்கள் நிழலாகத் தெரிந்தார்கள். வாண்டு இரண்டும் ஓவென்று அழ ஆரம்பித்தன. அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பயந்தது வந்தேவிட்டது என்று அவள் முகம் சொன்னது.

"என்னண்ணே ஆச்சு?" என்று அம்மாள் ஓடிவந்தார்.

"மூணாவது டேபிள்ல எர்த்து இல்லம்மா. நான்தான் கொடுக்கல. மறந்துட்டேன்." ஊரே கேட்கிற மாதிரி சொன்னார். எதற்காக இத்தனை நாள் பயந்தாரோ அதைத் தானே போட்டு உடைத்துவிட்டார். "பலகையைக் கழட்டுங்க."

தச்சர் முணுமுணுத்துக்கொண்டே மெருகு போட்ட பலகையைக் கழற்றினார். அத்தான் தரையில் மல்லாந்து மேசைக்கடியில் தலையை நுழைத்தார். நான் போன் விளக்கைப் பிடித்தேன். இதற்கிடையில் எனக்கும் ஒரு சங்கடம். என் உதடும் கொஞ்ச நேரமாக என்னுடையதாக இல்லை. மரத்துப்போய்த் துடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைப் புத்தி எங்கே போகும்? ஏதோ ஒவ்வாமை, அடுத்து தொண்டை வீங்கப்போகிறது, மூச்சு முட்டப்போகிறது என்று எனக்கு நானே நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கம்பி. அது மேசையின் உடம்பில் ஒரு ஸ்க்ரூவில் போய் முடிந்தது. ஸ்க்ரூவின் தலையில் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டு. விரிசல் இல்லை.

அத்தான் கம்பியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மேசைதான் ஆடிற்று, மேலே முட்டை ஓடு உருண்டு என் தலையில் விழுந்தது. அவர் அந்தச் சிவப்புப் பொட்டை விரலால் தடவிக்கொண்டே படுத்துக்கிடந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

"கொடுத்திருக்கேன். சின்னவளே, நான் கொடுத்திருக்கேன்."

"ஆமா அத்தான். அதான் தெரியுதே."

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அத்தான் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் மறுபடி மாறியது. குரல் இறங்கிவிட்டது.

"கரண்ட் இல்ல. மெயினே ஆஃப். ஆனா என் வாய் இன்னும் அதிருது. அப்போ இது டேபிள் இல்ல. எனக்குத்தான் என்னமோ ஆகுது."

"அத்தான், எனக்கும்தான் அதிருது!" என்று கத்திவிட்டேன்.

"உனக்குமா?"

இருட்டில் குழாய்க்காரரின் குரல் வந்தது. "எனக்கும்தாண்ணே. உதடு இருக்கா இல்லையான்னே தெரியல. நல்லாத்தான் இருக்குன்னு மூணாவது கிண்ணம் குடிச்சுட்டு இருக்கேன்."

அப்போது அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி என்னவோ சொல்ல, பேசாத தம்பி ஒரு கை நிறைய எதையோ அள்ளிவந்து அத்தானின் உள்ளங்கையில் கொட்டினார். மிளகு மாதிரி சின்னச் சின்னதாக, வாய் பிளந்த சிவந்த தோல்கள்.

"இதுதாண்ணே உங்க கரண்ட்டு. மிளகு மாதிரி, ஆனா மிளகு இல்ல. எங்க அப்பா ஊர்ல இது இல்லாம சூப்பே கிடையாது. வாய் மரத்து, உதடு துடிக்கணும். அப்பத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். முன்னாடியே சொல்லாதது என் தப்புதான்."

அத்தான் சும்மா நம்பிவிடுகிற ஆளா? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெயின் ஆஃப் செய்யப்பட்ட கட்டடத்தில், ஒயர் இல்லை, மேசை இல்லை, கரண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரே ஒரு தோலை நாக்கில் வைத்தார். எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை வந்ததாம். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அழுதுகொண்டிருந்த வாண்டுகள் உட்பட.

"வருது" என்றார் அத்தான். "வருது, வருது. அப்படியே சின்ன பேட்டரிதான்!"

கடையே வெடித்துச் சிரித்தது. பெயின்டரின் வாண்டுகள் தங்களுக்கும் கரண்ட் வேண்டும் என்று கையை நீட்டின. குழாய்க்காரர், "மிளகுக்கும் எர்த்து கொடுத்துடுங்கண்ணே" என்றார். அத்தானும் சிரித்தார். அம்மாள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "புள்ளைங்க கை வெச்சிருக்காங்கன்னு சாப்பாட்டை விட்டுட்டு ஓடினீங்களே, அந்த ஒயரிங்லதான் நான் கடை நடத்தப்போறேன்" என்றார். அத்தான் எழுந்து போய் மெயினைப் போட்டார். விளக்கு வந்தது, சட்டி மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தது. எனக்கும் உயிர் வந்தது. தொண்டை வீங்கவில்லை.

ஒரு ஸ்க்ரூ இறுக்கமாக இருந்ததால் ஒருவருடைய மூளைக்கு நற்சான்று கிடைத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். நினைவுக்கு ஒரு குறையும் இல்லை, மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத மனிதனுக்கு மறதி வராமல் வேறென்ன வரும் என்று அவர் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினார். மூன்று பேரும் அந்தத் திட்டைத் தின்பண்டம் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் டாக்டரிடம் போக முடிந்ததே அன்று மாலை மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு நடந்த பேச்சால்தான்.

அக்கா அப்போதும் அசையாமல் இருந்தாள். அத்தான் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணாவது டேபிள் ஞாபகமே வரலடி. அண்ணன் மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேன். உன்னை யாருன்னு கேட்டுடுவேனோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"தெரியுமா?"

"ஃபிரிட்ஜுல இருந்து உங்க கண்ணாடியை எடுத்து மேஜை மேல வெச்சது யாருன்னு நெனச்சீங்க? நீங்க பார்த்தது ஒரு தடவ. நான் எடுத்தது எத்தனையோ தடவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நெஜமாயிடுமோன்னுதான்."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் என்று அக்கா கையை இழுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. குழாய்க்காரரும் நானும் அவசரமாகக் காளானைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா இன்னொரு கையால் கரண்டியை எடுத்தாள். வெள்ளைச் சூப்பைத் தாண்டி, தடுப்பைத் தாண்டி, சிவப்புச் சூப்பில் அமிழ்த்தி எடுத்தாள். மோந்துகூடப் பார்க்காமல் வாயில் வைத்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளா எதை வாயில வெச்சாலும் மண்ணு மாதிரிதாங்க இருந்துச்சு" என்றாள். "இது உறைக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."